பெட்ரோல் டேங்குக்குப் பிறந்தநாள் பலூன்

எங்கள் வீட்டுக் கராஜில் கார் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே இப்போது இருப்பது ஒரு விமானத்தின் வாலும் முக்கால் இறக்கையும். ஆர்வி-7 என்று இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். ஓரிகனில் இருக்கும் வேன்ஸ் கம்பெனி பாகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பிவிடும். பிசிறு தட்டி, ரிவிட் அடித்து, ஒன்றாகச் சேர்ப்பது நம் பாடு. அமெரிக்க விதிப்படி பாதிக்கு மேற்பட்ட வேலையை அமெச்சூர்கள் தங்கள் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். "இதில் எது படிப்பு, எது பொழுதுபோக்கு?" என்று என் மனைவி அவ்வப்போது கேட்பாள். நான் பதில் சொன்னதில்லை.

ரிவிட் சத்தத்தைக்கூட வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள். வினை வந்தது பெட்ரோல் டேங்கில். இந்த விமானத்தில் இறக்கையின் முன்பகுதியேதான் டேங்க், பக்கத்துக்குச் சுமார் 80 லிட்டர். ஒவ்வொரு ரிவிட்டையும் ஒவ்வொரு மூட்டையும் புரோசீல் என்ற பசையால் பூச வேண்டும். அழுகின முட்டை வாடை, கறுப்பு நிறம். ஒரு துளி கையில் பட்டால் கதவுப்பிடிக்கும் அங்கிருந்து செல்போனுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் ஃபிரிட்ஜில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது. பசையும் அதை இறுக்கும் மருந்தும் எடையில் பத்துக்கு ஒன்று என்று கச்சிதமாகக் கலக்க வேண்டும். அவ்வளவு துல்லியமான தராசு வீட்டில் ஒன்றுதான் இருந்தது, சமையலறையில். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

பூசி முடித்துக் காயவிட்ட பிறகு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு உலகத்தில் ஆர்வி கட்டுகிறவர்கள் எல்லாரும் பயன்படுத்தும் உயர்தொழில்நுட்பக் கருவி, பலூன். மற்ற ஓட்டைகளை அடைத்துவிட்டு, காற்றுப்போக்கிக் குழாயில் பலூனை மாட்டி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடிக்க வேண்டும். அழுத்தம் கூடினால் டேங்க் உப்பிவிடும். அதற்கு முன்னால் பலூன் வெடித்துக் காப்பாற்றும். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஊதா பலூன் ஒன்றை மாட்டினேன். அக்டோபர் மாதச் சாயங்காலம். பலூன் கம்பீரமாக நின்றது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

நிம்மதியாவது! இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தால் பலூன் வாழைப்பூ மடல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாத உழைப்பு. குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரை ரிவிட் ரிவிட்டாகப் பீய்ச்ச ஆரம்பித்தேன். எங்கே ஒழுகுகிறதோ அங்கே நுரை கிளம்பும். ஒன்றுகூடக் கிளம்பவில்லை. ஒழுகலும் இருக்கிறது, ஓட்டையும் இல்லை என்றால் என்ன செய்ய?

பின்னால் வெளிச்சம். தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, ஆறு மாத விசாவில் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருப்பவள், துடைப்பத்தோடு நின்றாள். திருடன் என்று நினைத்திருக்கிறாள்.

"ஏலே, நடுச்சாமத்துல என்னல பண்ணுத?"

"டேங்க் ஒழுகுதும்மா."

"பஞ்சரா?" என்று கிட்டே வந்து பார்த்தாள். "காத்தே இல்லாத ட்யூப்ல சோப்புத் தண்ணி ஊத்தி என்னல தெரியும்? மொதல்ல காத்த அடி. இல்ல, போய்ப் படு."

இரண்டையும் செய்யாமல் இன்னும் அரை மணி நேரம் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். நான் என்ஜினியர்.

காலை ஒன்பது மணிக்கு அம்மா கூப்பிட்டாள். கராஜ் கதவு திறந்திருந்தது, டேங்க் மேல் வெயில். யாரும் தொடாமலே பலூன் எழுந்து நின்றது! லேசான தொய்வு, அவ்வளவுதான். அப்போதுதான் பள்ளிக்கூடத்து சார்லஸ் விதி ஞாபகம் வந்து தொலைத்தது. 80 லிட்டர் காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் இரண்டரை லிட்டருக்கு மேல் சுருங்கும். பலூனில் நான் அடைத்திருந்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ராத்திரி பலூனிலிருந்த காற்று எங்கும் ஓடிப்போகவில்லை, குளிருக்கு டேங்குக்குள் ஒதுங்கியிருக்கிறது.

அந்த லேசான தொய்வு எதனால் என்று நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அம்மா பாட்டிலை எடுத்துப் பெட்ரோல் ஊற்றுகிற மூடியைச் சுற்றிப் பீய்ச்சினாள். புசுபுசுவென்று நுரை. "மூடிதாம்ல," என்றாள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் வறண்டு கிடந்தது. கொஞ்சம் கிரீஸ் தடவியதும் நின்றுவிட்டது. நாங்கள் இருப்பது ஒஹாயோவின் டேட்டன். 1903-இல் பறந்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த ஊர். பஞ்சர் புத்திதான் இங்கே செல்லும் போல.

வேலையை நாம்தான் செய்தோம் என்று ஆய்வாளருக்குக் காட்டப் படங்கள் எடுத்துவைக்க வேண்டும். அதில் ஒன்றில் அம்மா நைட்டியும் ஸ்வெட்டருமாக ஸ்பிரே பாட்டிலோடு நிற்கிறாள். அமெச்சூர்தானே, விதிக்கு உட்பட்டதுதான்.

மூன்றாம் நாள், "அது என் பலூன்," என்று மகள் வந்து உருவிக்கொண்டு போனாள். பரவாயில்லை, இடது டேங்க் தேறிவிட்டது. அடுத்தது வலது டேங்க். மனைவி புதிதாக வாங்கிய தராசு எங்கே இருக்கிறது என்று கேட்டால், எந்தத் தராசு என்கிறாள்.