உப்புச் சுடரின் கருநிழல்: பிளாஸ்மாவும் ஒளியும் இதுவரை

பிளாஸ்மா (அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து அலைகிற வாயு) ஒளிரும் கண்ணாடிப் பந்தான பிளாஸ்மா உருண்டை வழியே லேசரை விட்டால் கதிர் வளையுமா? அங்கிருந்துதான் தொடங்கினேன். வளையவில்லை. 532 நானோமீட்டர் பச்சை லேசரை அசையாமல் பிணைத்து, உள்ளே ஊதா இழைகள் துடிக்கும் இடமாகப் பார்த்துக் கதிரை அனுப்பி, எதிர்ச்சுவரில் விழும் புள்ளியைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். உருண்டையை அணைத்தாலும் போட்டாலும் புள்ளி அதே இடத்தில்தான் நின்றது. உருண்டையின் கண்ணாடியைச் சற்றே திருப்பினால் மட்டும் விரற்கடை தூரம் நகர்ந்தது.

ஏன் என்று கணக்குப் போட்டால் தெளிவாகிவிடுகிறது. பிளாஸ்மாவில் அலைகிற எலக்ட்ரான்கள் ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் அவை போதிய நெருக்கத்தில் இருக்க வேண்டும். பச்சை ஒளிக்கு அந்த எல்லை, ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4-க்குப் பின்னால் 21 பூஜ்யங்கள். வீட்டு மேசையில் ஒளிரும் மங்கலான மின்னிறக்கங்களில் (வாயு வழியே மின்சாரம் பாயும்போது வரும் ஒளிர்வுகளில்) தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1-க்குப் பின்னால் 12 பூஜ்யங்கள்தான் தேறும். அப்போது ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண்) ஒன்றிலிருந்து குறைவது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. நாம் மூச்சுவிடும் காற்றே பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவுக்கு ஒளியைப் பாதிக்கிறது! ரேடியோ அலைக்கு இதே பிளாஸ்மா வேறு முகம் காட்டும். வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தில் கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலக்ட்ரான் இருந்தாலே 9 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை மேலே போய் முட்டித் திரும்பிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அதிர்வெண் அதைவிடக் கோடி மடங்குக்கும் மேல்.

மெழுகுவத்திச் சுடரிலும் பார்த்தேன். லேசரின் முன்னால் சிறு லென்ஸ் வைத்து ஒளியை விரித்து, சுடரின் நிழலைத் திரையில் விழவிட்டால் அலையலையாக ஏதோ மேலே ஏறுவது அழகாகத் தெரியும். பலர் இதைச் சுடருக்குள் இருக்கும் பிளாஸ்மாவின் நிழல் என்கிறார்கள். சுடரை ஊதி அணைத்துவிட்டு, அதே இடத்தில் சூடான சால்டரிங் அயர்னை நீட்டினாலும் அதே அலைகள் எழுகின்றன. வெந்த காற்றின் அடர்த்தி குறைவதுதான் காரணம், அயனிகளுக்கு இதில் பங்கில்லை. சுடரின் மஞ்சள் பகுதி கொஞ்சம் கருப்பாக விழுவது புகைக்கரித் துகள்களால்.

அப்படியானால் பிளாஸ்மாவும் வாயுவும் ஒளியை எங்கேதான் பிடித்து நிறுத்துகின்றன? அணுக்களிடத்தில். அதுவும் அந்த அணுவுக்கே உரிய அலைநீளத்தில் மட்டும். ஊஞ்சலை அது வந்து போகும் தாளத்திலேயே தள்ளினால்தான் அது உயரப் போகும், அந்த மாதிரி.

இதைக் கண்ணால் காணச் சோடியத்தைவிடச் சிறந்த பொருள் இல்லை. குறைந்த அழுத்தச் சோடியம் விளக்கின் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரண்டு கோடுகளில் அடங்கிவிடும். அந்த விளக்குக்கு முன்னால் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. அப்புறம் திரியின் நுனியில் கெட்டியான உப்புக் கரைசலில் நனைத்த கம்பி வலையைச் சாய்த்துப் பிடித்தேன். அறையின் மற்ற விளக்குகளில் பளீரென மஞ்சளாக எரியவேண்டிய சுடர், கரும்புகை நாக்குபோல நெளிந்தது. பின்னால் வைத்த வெள்ளைத்தாளில் அதன் நிழல். ஓரம்தான் நன்றாகக் கருக்கிறது, நடுவில் சற்று வெளுப்பு. சோடியம் ஆவி சுடரின் வெளிவிளிம்பில் குளிர்ந்திருப்பதால் அங்கே உமிழ்வதைவிட விழுங்குவது அதிகம் என்று புரிந்துகொள்கிறேன். விழுங்கிய ஒளி எங்கே போகிறது? ஒரு பங்கு எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. இன்னொரு பெரும்பங்கு, ஒளியை விழுங்கிக் கிளர்ந்த (ஆற்றல் ஏறிய) சோடியம் அணு நைட்ரஜன் மூலக்கூறுகளோடு மோதுகையில் வெப்பமாகிப் போகிறது. அந்த அணு கிளர்ந்த நிலையில் தங்குவது 16 நானோ விநாடிதான், அதற்குள்ளேயே மோதல் முந்திக்கொள்கிறது.

ஃபிரான்ஹோஃபர் 1814-இல் சூரிய நிறமாலையில் (ஒளி நிறம் நிறமாகப் பிரிந்த பட்டையில்) கண்ட கருங்கோடுகளுக்கு கிர்க்காஃப் 1859-இல் விளக்கம் சொன்னது இதே வழியில்தான். சூரிய ஒளியை உப்புச் சுடர் வழியே விட்டபோது மஞ்சள் இடத்தில் இருந்த கருங்கோடு மங்கும் என்று எதிர்பார்க்கலாம். அது இன்னும் கருத்தது! சூரியனில் சோடியம் இருப்பது அப்படித்தான் பிடிபட்டது. ஒரு கரண்டி உப்பும் ஒரு சுடரும் இருந்தால் அந்த வாதத்தை நாமே நடத்திப் பார்க்கலாம் என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

உயர் அழுத்தச் சோடியம் விளக்கோடு கழித்த மாலைகள் இதைவிடச் சுவையானவை. டிவிடி தகட்டின் துண்டை அட்டைப்பெட்டிக்குள் சாய்த்து ஒட்டி, இரண்டு பிளேடுகளால் மெல்லிய பிளவு வைத்தால் நிறமாலைமானி தயார். விளக்கை ஏற்றியதும் முதலில் பாதரசத்தின் கோடுகளோடு வெளிறிய ஒளி. சற்று நேரத்தில் மஞ்சளில் ஒரு கூரிய கோடு எழும். அந்த நிலையில் உப்புச் சுடரை நீட்டினால் அது கருக்கும். குழாய் இன்னும் சூடாகி உள்ளே சோடியம் ஆவியின் அழுத்தம் ஏற ஏற, கோடு இருபுறமும் விரிந்து பட்டையாகும். பட்டையின் நட்டநடுவில், சரியாக 589-இல், மயிரிழைபோல ஓர் இருட்டு திறக்கும். மெல்ல அகலமாகும். நடுவிலுள்ள சூடான பிளாஸ்மா உமிழும் ஒளியைக் குழாயின் சுவரோரம் இருக்கும் குளிர்ந்த சோடியம் ஆவியே குடித்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் உப்புச் சுடரை நீட்டினால் நிழல் விழுவதில்லை, ஏனென்றால் சுடர் விழுங்க வேண்டிய அலைநீளம் விளக்கைவிட்டே வெளிவரவில்லை. பிளாஸ்மாவும் ஒளியும் பழகும் விதத்தை இவ்வளவு நிதானமாகக் காட்டும் வேறு காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. வெளிக்கண்ணாடி விரிசல்விட்ட விளக்கை மட்டும் தொடவே வேண்டாம்.

அடுத்து, ஒளியால் பிளாஸ்மாவை மாற்ற முடியுமா? டெஸ்டர் ஸ்குரூடிரைவருக்குள் இருக்கும் குட்டி நியான் பல்பு ஒன்று, 10 மெகா ஓம் மின்தடை, 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, வரிசையாகக் கோத்த 9 வோல்ட் பேட்டரிகளிலிருந்து 108 வோல்ட். மின்தேக்கி மெதுவாக நிரம்பி, பற்றும் மின்னழுத்தத்தைத் தொட்டதும் பல்பு மினுக்கென்று எரிந்து அதைக் காலிசெய்யும், மறுபடி நிரம்பும். (108 வோல்ட் நேர்மின்சாரம் நன்றாகவே உதைக்கும், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலைசெய்வதே நல்லது.) கருப்பு டேப் சுற்றி இருட்டில் அடைத்தால் மினுக்கல்களின் இடைவெளி நீண்டு, தாறுமாறாகிறது. நீல எல்இடி ஒளியைப் பாய்ச்சினால் உடனே சீராகி வேகமெடுக்கிறது. சிவப்புக்கு அசையவே இல்லை. மின்வாய்ப் பூச்சிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பெயர்க்க நீல ஃபோட்டானின் (ஒளித்துகளின்) 2.7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதுகிறது, சிவப்பின் 1.9 போதவில்லை. இங்கே ஒளி வேலைசெய்வது உலோகப் பரப்பில், வாயுவில் அல்ல. அதனால் இது என் கேள்விக்குப் பாதி விடைதான்.

மீதிப் பாதிக்கு டச்சு இயற்பியலாளர் பென்னிங் 1928-இல் கண்டது வழிகாட்டுகிறது. எரிந்துகொண்டிருக்கும் நியான் மின்னிறக்கத்தின் மேல் இன்னொரு நியானின் ஒளி விழுந்தால் அதன் மின்னழுத்தம் மாறுகிறது. நியானில் 16.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு இறங்க வழியில்லாமல் தங்கிப்போகும் அணுக்கள் உண்டு. அயனியாக்கத்துக்கு அவை பெரிய துணை. 614.3 நானோமீட்டர் ஒளி அவற்றை மேலே தூக்கி, வேறு பாதையில் தரைநிலைக்கு இறக்கிவிடும். துணை குறைந்தால் பிளாஸ்மாவைத் தாங்கக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும்.

இரண்டு பல்புகளை நெருக்கமாக வைத்து, இடையே துளையிட்ட அட்டைச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். அலைக்காட்டியில் ஏதோ நெளிகிறது, ஆனால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் அதை மூடிவிடுகிறது. எனவே சக்கரத்தை எடுத்துவிட்டு, ஒளிதரும் பல்பை டிரான்சிஸ்டர் மூலம் 330 ஹெர்ட்ஸில் துடிக்கவைத்து, மற்றதன் மின்னழுத்தத்தை மின்தேக்கி வழியாகவும் மின்னழுத்தப் பிரிப்பி வழியாகவும் கணினியின் ஒலி அட்டைக்குக் கொடுக்கப் போகிறேன். மின்சார இரைச்சல் வரும் 50-இன் மடங்கும் 60-இன் மடங்கும் அல்லாத எண் என்பதால் அதைத் தனியே பிரித்தெடுக்கலாம். பார்க்க வேண்டியது அளவைவிடத் திசையை: ஒளி விழும்போது மின்னழுத்தம் இறங்கினால் மின்வாயிலிருந்து எலக்ட்ரான் வருகிறது, ஏறினால் ஒளி நியான் அணுக்களைத்தான் தொட்டிருக்கிறது.