பிப்பைப் படித்தார்களா என்பதை எப்படிக் கண்டறிவது?

இளங்கலை ஆங்கில இலக்கிய வகுப்பில் சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை நடத்துகிறவர்களுக்கு ஒரு சங்கடம் நன்றாகவே பழகியிருக்கும். 59 அத்தியாயங்களையும் அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்து முடித்த மாணவியின் விடையும், நாவலைக் கையில்கூட எடுக்காத மாணவரின் விடையும் தேர்வுத் தாளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பல நேரங்களில் படிக்காதவருக்கே மதிப்பெண் கூடுதலாக விழும். ஏனென்றால் கைடில் உள்ள ஆங்கிலம் பிழையற்றது, படித்த மாணவியின் ஆங்கிலம் தட்டுத்தடுமாறுவது.

இதற்கு மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘பிப்பின் பாத்திரப் படைப்பை ஆராய்க’, ‘நாவலில் வர்க்கமும் பணமும் பெறும் இடம் யாது’ என்று கேட்டால், அதற்கு விடை எழுத நாவல் தேவைப்படாது. ஏழைச் சிறுவன் பிப் எதிர்பாராத பணத்தால் கனவானாகிறான், தன்னை வளர்த்த கொல்லன் ஜோவை மறக்கிறான், பணம் தந்தவன் ஒரு கைதி என்று தெரிந்ததும் திருந்துகிறான் என்று நான்கு வரியில் முடித்துவிடலாம். முன்பு கைடு செய்த இந்த வேலையை இப்போது கைபேசி இன்னும் வேகமாகச் செய்கிறது. எனவே, எந்தக் கேள்விக்கு நாவலைப் படிக்காமல் விடை எழுத முடியாதோ அந்தக் கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான் ஆசிரியரின் வேலை என்று நான் கருதுகிறேன்.

இந்த நாவலைப் பொறுத்தவரை, அப்படிப்பட்ட கேள்வி எங்கே இருக்கிறது என்பதை அதன் கதைசொல்லும் முறையே காட்டிவிடுகிறது. கதையைத் தன் வாயால் சொல்கிறவன் நடுவயதை எட்டிய பிப். கதைக்குள் நடமாடுகிறவன் சிறுவனும் இளைஞனுமான பிப். இளையவன் ஜோவை நினைத்து வெட்கப்படுகிறான்; அப்படி வெட்கப்பட்டதற்காக மூத்தவன் வெட்கப்படுகிறான். இரண்டு குரல்களும் பல இடங்களில் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர் நாவலைப் படித்தவர். தெரியாதவருக்குக் கதை மட்டும் தெரியும். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் இது தொடராக வந்தது என்பதையும், கதை தொடங்கும் இங்கிலாந்தின் கெண்ட் பகுதிச் சதுப்பு நிலத்தைப் பற்றிய குறிப்புகளையும் நான் ஒரு வகுப்பிலேயே முடித்துவிடுவதற்கு இதுவே காரணம். எஞ்சிய நேரமெல்லாம் இந்த இரண்டு குரல்களுக்குத்தான்.

நான் அதிக நாள் எடுத்துக்கொள்வது 27ஆம் அத்தியாயம். ஊரிலிருந்து ஜோ லண்டனுக்கு வருகிறான். ஊர்த் தோழி பிடியின் கடிதம் முன்னதாகவே வந்துவிடுகிறது. பணம் கொடுத்து அவனை வராமல் தடுக்க முடியுமானால் கட்டாயம் கொடுத்திருப்பேன் என்று பிப் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறான். படியேறி வரும் ஜோ மற்ற மாடிக் கதவுகளில் உள்ள பெயர்களையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வருவது உள்ளே கேட்கிறது. முட்டைகள் உள்ள குருவிக்கூட்டைப் பிடிப்பதுபோலத் தன் தொப்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான்; வாங்கி வைக்கிறேன் என்றாலும் தர மறுக்கிறான். கடைசியில் கணப்பு மேடையின் ஓரத்து விளிம்பில் அதை வைக்கிறான். அது விழுகிறது, பாய்ந்து பிடிக்கிறான், வைக்கிறான், மறுபடியும் விழுகிறது. எச்சில் தேநீர் ஊற்றும் கிண்ணத்துக்குள்ளேயே தொப்பி போய் விழுந்த பிறகுதான் அந்தக் கூத்து ஓய்கிறது. இடையிடையே, தான் தூக்கி வளர்த்த பையனை அவன் ‘ஸார்’ என்று அழைக்கிறான்.

வகுப்பு இந்த இடத்தில் சிரிக்கும், சிரிக்கத்தான் வேண்டும். அதன் பிறகு நான் கேட்பது, இங்கே நம்மைச் சிரிக்க வைக்கிறவர் யார் என்பதுதான். அன்று அந்த அறையில் இருந்த பிப்புக்குச் சிரிப்பு வரவில்லை. பொறுமை இழந்து எரிச்சலோடுதான் இருந்தான். ஆண்டுகள் கழித்து எழுதுகிறவனுக்குத்தான் அந்தத் தொப்பி அவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது. அந்தத் தர்மசங்கடத்துக்குக் காரணம் தானே என்றும், தான் இயல்பாக இருந்திருந்தால் ஜோவும் இயல்பாக இருந்திருப்பான் என்றும் அவனே ஒப்புக்கொள்கிறான். விடைபெறும்போது ஜோ சொல்வது நாவலின் மிக உயர்ந்த பேச்சு: உலகில் ஒருவன் கருமான், ஒருவன் தட்டான், ஒருவன் கன்னான், அந்தப் பிரிவினைகள் இருக்கத்தான் செய்யும்; நீயும் நானும் லண்டனில் சேர்ந்திருக்க ஏற்றவர்கள் அல்லர்; பட்டறை ஜன்னல் வழியாக என்னைப் பார், கையில் சுத்தியலோடு என்னிடம் இவ்வளவு குறை காணமாட்டாய். பிப்பின் நெற்றியை மெல்லத் தொட்டுவிட்டு அவன் போய்விடுகிறான். சற்று நேரத்தில் தெளிந்த பிப், தெருவில் இறங்கி ஓடித் தேடுகிறான், ஜோவைக் காணவில்லை.

கைடு இங்கே ‘பிப் மனம் வருந்துகிறான்’ என்று எழுதி அத்தியாயத்தை மூடிவிடும். என் அகமதிப்பீட்டுத் தேர்வின் முதல் கேள்வி அடுத்த பக்கத்திலிருந்து வருகிறது. மிஸ் ஹாவிஷாம் என்ற பணக்காரச் சீமாட்டியின் வளர்ப்பு மகளும் தான் காதலிப்பவளுமான எஸ்டெல்லாவைப் பார்க்க மறுநாள் பிப் ஊருக்குப் போகிறான். ஜோவின் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று முதலில் நினைத்தவன், வண்டியில் இடம் பதிவு செய்துவிட்டுத் திரும்புவதற்குள் ‘புளூ போர்’ விடுதியில் தங்கக் காரணங்களைத் தேடத் தொடங்குகிறான். ஜோவுக்குத் தொந்தரவாக இருக்கும், படுக்கை தயாராக இருக்காது, மிஸ் ஹாவிஷாமின் வீடு அங்கிருந்து தொலைவு. நேற்று தெருவில் ஓடித் தேடியவன் இன்று ஏன் இப்படிச் செய்கிறான்? நூலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். ஆனால் ஒவ்வொரு கருத்துக்கும் அதற்கு ஆதாரமான வாக்கியத்தைச் சுட்ட வேண்டும்.

இதற்கு வரும் விடைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிப் தேடியது ஜோவை அல்ல, தன் மனச்சாட்சிக்கு ஒரு மருந்தை என்று ஒரு மாணவி எழுதினார். தேடியபோது அவன் அன்பு உண்மையானது, ஆனால் எஸ்டெல்லா ஊருக்கு வந்திருக்கிறாள் என்ற செய்தியையும் ஜோவே கொண்டுவந்து கொடுத்துவிட்டதால் அந்த அன்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை என்று இன்னொருவர் எழுதினார். தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவனுக்கு நிகரான மோசடிக்காரன் உலகில் இல்லை என்றும், தானே செய்த கள்ள நாணயத்தைத் தானே நல்லதென்று எண்ணி வாங்கிக்கொண்டதாகவும் மூத்த பிப் அங்கே சொல்லும் வாக்கியத்தை இருவருமே சுட்டியிருந்தார்கள். எந்த விடை சரி என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டுமே முழு மதிப்பெண்ணுக்கு உரியவை.

9ஆம் அத்தியாயத்திலும் இதேபோல ஒரு கேள்வி உண்டு. மிஸ் ஹாவிஷாமின் வீட்டிலிருந்து திரும்பும் சிறுவன், அறைக்குள் கறுப்பு வெல்வெட் கோச்சு வண்டி இருந்தது, வெள்ளிக் கூடையிலிருந்த இறைச்சிக்காக நாய்கள் சண்டையிட்டன என்று பொய்யாக அளக்கிறான். ஏன்? பெருமைக்காக என்று எழுதுபவர்கள் பலர். உண்மையைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்ற பயத்தையும், மிஸ் ஹாவிஷாமை அக்காளின் முன் இழுத்து நிறுத்துவது முரட்டுத்தனம் என்ற அவன் கூச்சத்தையும் கண்டுபிடிப்பவர்கள் சிலரே.

மதிப்பிடும்போது இரண்டு விஷயங்களில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அகமதிப்பீட்டில் விரும்புகிறவர் தமிழில் எழுதலாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பிள்ளை ஜோவைப் புரிந்துகொண்டாரா என்பதும், அதை ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதத் தெரியுமா என்பதும் வெவ்வேறு சோதனைகள். இரண்டையும் ஒரே எண்ணில் அடைப்பது நியாயமில்லை. பல்கலைக்கழகத் தேர்வின் 75 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலம் வேண்டும். அதற்குத் தனியாகப் பயிற்சி தருகிறேன்.

அடுத்தது, ‘இந்தக் காட்சியை உங்கள் வாழ்க்கையோடு ஒப்பிடுக’ என்று நான் கேட்பதில்லை. விடுதி வாசலில் வந்து நிற்கும் தந்தையைத் தோழர்களுக்குக் காட்டத் தயங்கிய அனுபவம் என் வகுப்பில் பலருக்கு இருக்கும். அதனாலேயே அதை மதிப்பெண்ணுக்காக எழுதச் சொல்லக் கூடாது. கூடவே, அத்தகைய விடைகளில் நாவல் காணாமல் போய்விடுகிறது. 7ஆம் அத்தியாயத்தில் சிறுவன் பிப் பலகையில் எழுதித் தரும் கடிதத்தைப் பார்த்து ஜோ பெரும் பண்டிதனைக் கண்டதுபோல வியக்கிறான். ஆனால் அதில் அவனால் படிக்க முடிந்தது ‘ஜோ’ என்ற தன் பெயரை மட்டுமே. அந்த வாசிப்பு அழகானதுதான், ஆனாலும் கடிதத்தில் வேறு செய்தியும் இருந்தது.

கடைசித் தேர்வுக்கு இரண்டு முடிவுகளையும் கொடுக்கிறேன். டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில், மறுமணம் செய்துகொண்ட எஸ்டெல்லாவைப் பிப் லண்டன் பிக்கடிலி தெருவில் தற்செயலாகச் சந்தித்துப் பிரிகிறான். நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டனின் ஆலோசனைப்படி மாற்றிய முடிவில், மிஸ் ஹாவிஷாமின் இடிந்த வீட்டின் தோட்டத்திலிருந்து இருவரும் கைகோத்து வெளியேறுகிறார்கள். அவளிடமிருந்து இன்னொரு பிரிவின் நிழலைத் தான் காணவில்லை என்று பிப் சொல்கிறான். எது பொருத்தம் என்பதை மூத்த பிப்பின் குரலை வைத்து வாதிட வேண்டும். பெரும்பாலோர் முதல் முடிவையே விரும்புகிறார்கள், கதை சோகமாக முடிந்தால் இலக்கியம் என்ற எண்ணம் அவர்களுக்கு எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

ஒரு மாணவர் மட்டும் இரண்டாவது முடிவை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போனார். தான் ஏமாந்த இடங்களையெல்லாம் நாவல் முழுக்கச் சுட்டிக்காட்டிய கதைசொல்லி, நிழலைக் காணவில்லை என்று சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆகையால் அந்தக் கடைசி வரியைப் பேசுவது மூத்தவனா, மறுபடியும் ஆசைப்படத் தொடங்கிய இளையவனா என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். விடை ஒன்றரைப் பக்கம்தான். மூன்று இலக்கணப் பிழைகள் இருந்தன, முடிவுரையும் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்; ஆறு பக்கம் எழுதியவர்கள் காரணம் கேட்டு வந்தபோது, அந்த விடையை வகுப்பில் அவரையே படித்துக்காட்டச் சொன்னேன்.