பழைய லென்ஸைச் சோதிப்பது: டார்ச் பாதி, ஊசித்துளை மீதி

இதுவரை நான்கு லென்ஸ்களைச் சோதித்து முடித்திருக்கிறேன். சோவியத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2 இரண்டு, ஜெர்மனியின் ஜெனாவில் செய்த டெஸ்ஸார் 50/2.8 ஒன்று, ஜப்பானின் சூப்பர்-டாக்குமார் 50/1.4 ஒன்று. (50 என்பது மி.மீ.யில் குவியத் தூரம்; 2.8, 1.4 என்பவை ஒளி நுழையும் துவாரம் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைக் காட்டும் எண்கள், எண் கூடினால் துவாரம் சிறிதாகும்.) நான்குமே எம்42 எனப்படும் 42 மி.மீ. திருகு கொண்டவை என்பதால் ஒரே அடாப்டரில் மிரர்லெஸ் கேமராவில் மாட்டிவிடலாம். கேமராவின் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ளதாக இருக்க வேண்டும். சிறிய சென்சார் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கும்; பழைய லென்ஸின் வண்டவாளமெல்லாம் ஓரத்தில்தான் இருக்கிறது.

விற்பவர்கள் "கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, சார்" என்பார்கள். அது கண்ணாடியின் சுத்தத்தைப் பற்றிய பேச்சு. லென்ஸ் எப்படிப் படம் தரும் என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆனாலும் டார்ச்சிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இருட்டறையில் பின்பக்கமிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சினால் நேற்று வாங்கிய புது லென்ஸ்கூடக் குப்பையாகத்தான் தெரியும். தூசியை மறந்துவிடலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு: கிளை விட்டு ஓடும் பூஞ்சை இழைகள்; கண்ணாடி முழுக்கப் பரவிய, மூச்சை ஊதினாற்போன்ற மங்கல். சென்னை போன்ற கடலோர ஊர்களில் அலமாரியில் கிடந்த லென்ஸ் என்றால் பூஞ்சையைத்தான் முதலில் தேட வேண்டும்.

என் முதல் ஹீலியோஸின் முன்கண்ணாடியில், சட்டைத் துணியால் துடைத்துத் துடைத்து ஏற்பட்ட நுண்கீறல்கள் வட்டவட்டமாக இருக்கின்றன. இவை எவ்வளவு கெடுக்கும் என்று பார்க்க ஒரு சாதாரண ஃபில்டரின் நடுவில் நகக்கண் அளவு கருப்புக் காகிதத்தை ஒட்டி லென்ஸின் முன் மாட்டினேன். படத்தில் காகிதம் தெரியவே இல்லை. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பின்னணியில் ஃபோகஸ் கலைந்த விளக்கு வட்டங்களுக்குள் மட்டும் அதன் நிழல் விழுந்தது. முன்கண்ணாடிக் கீறலுக்காக மனம் உடைய வேண்டியதில்லை. சென்சாரை ஒட்டியிருக்கும் பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் அது வேறு கதை.

மங்கல் அப்படியல்ல. எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சில்லாத கண்ணாடி தன் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஹீலியோஸில் காற்றைத் தொடும் பரப்புகள் 8. பூச்சு இல்லாவிட்டால் கால்வாசிக்கு மேல் ஒளி போய்விடும். அதில் ஒரு பங்கு உள்ளேயே எதிரொளித்துப் படத்தின் கறுப்பை வெளுக்கச் செய்யும். ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935-ல் கண்டுபிடித்த பூச்சு இதற்குத்தான் மருந்து. உள்ளே படிந்த மங்கல் அந்த மருந்தை வீணாக்கிவிடுகிறது. இதைப் பார்க்க, உள்ளே கருப்பு வெல்வெட் ஒட்டிய அட்டைப் பெட்டியில் ஒரு துளையிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, எல்லா லென்ஸிலும் ஒரே அளவு ஒளியில் படம் எடுத்தேன். அந்தத் துளை எவ்வளவு கறுப்பாக வருகிறதோ அவ்வளவு நல்லது. கீறல் விழுந்த ஹீலியோஸ், பளிச்சென்ற இரண்டாவது ஹீலியோஸைவிட இம்மியளவுதான் வெளுத்திருந்தது.

அடுத்தது செங்கல் சுவர். எல்லோரும் செய்வது, பெரும்பாலும் பயனில்லாமல் போவது. கேமரா சுவருக்குச் சரியாக நேரே இல்லாவிட்டால், லென்ஸ் மேல் தப்பில்லாமலே ஒரு பக்கம் மங்கும். அதற்கு ஒரு வழி: சுவரோடு ஒட்டி ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதில் லென்ஸின் பிம்பம் படச்சட்டத்தின் நட்டநடுவில் விழும்வரை முக்காலியைச் சரிசெய்ய வேண்டும். விழுந்தால் கேமரா நேர்.

எனக்கு உண்மையைச் சொன்னது ஊசித்துளைதான். அலுமினியத் தாளில் மெல்லிய ஊசியால் ஒரு குத்து, அதன் பின்னால் எல்.இ.டி. விளக்கு, அறையை இருட்டாக்கி, 5 மீட்டர் தள்ளிக் கேமரா. லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து, ஊசித்துளையின் ஒளிப்புள்ளியை முதலில் நடுவில் வைத்து ஃபோகஸைச் சற்றே கலைக்க வேண்டும். புள்ளி வட்டமாக விரியும். வட்டத்துக்குள் தெரியும் ஒளி எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் கண்ணாடிகள் ஒரே அச்சில் உட்கார்ந்திருக்கின்றன. பிறகு கேமராவைத் திருப்பித் திருப்பிப் புள்ளியை ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய், ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து எடுக்க வேண்டும்.

கீறல் ஹீலியோஸில் நான்கு மூலையிலும் புள்ளி கோணலாகத்தான் வந்தது, ஆனால் நான்கிலும் ஒரே கோணல். அது அந்த வடிவமைப்பின் குணம். போருக்கு முந்தைய ஸைஸ் பயோடார் 58/2-ஐ அடியொற்றியது ஹீலியோஸ். நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். ஓரத்தில் சுழல்வது போன்ற பின்னணிக்காகத்தான் இன்று பலர் இதைத் தேடுகிறார்கள். பளிச்சென்ற ஹீலியோஸில் இடப்பக்க மூலைகள் ஓரளவு ஒழுங்காக இருந்தன. வலது கீழ் மூலையில் புள்ளிக்கு வால் முளைத்து, நடுவை நோக்கியும் இல்லாமல் வெளியே நோக்கியும் இல்லாமல் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. நடுப்புள்ளியிலும் ஒளியின் கரு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது.

குற்றவாளி லென்ஸா, அடாப்டரா? இங்கேதான் திருகு உதவியது. எம்42 திருகின் ஒரு சுற்று 1 மி.மீ. லென்ஸை அரைச் சுற்று தளர்த்தினால் அது தலைகீழாகிவிடும், 0.5 மி.மீ. முன்னால் வரும். தொலைவு ஃபோகஸ் போய்விடும் என்றாலும் 5 மீட்டருக்கு வளையத்தில் இடம் இருக்கிறது. தளர்ந்த லென்ஸ் ஆடக் கூடாது என்று, குழாய்க்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பைத் திருகில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன். வால் வலது கீழிலிருந்து இடது மேலுக்குப் போய்விட்டது. லென்ஸோடு சேர்ந்து கோளாறும் திரும்பியது என்றால் அடாப்டர் நிரபராதி. பின்கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் காடிகளில் கருவி வழுக்கிய தடங்கள். யாரோ சுத்தம் செய்யத் திறந்து, கண்ணாடியைச் சரியாக உட்கார வைக்காமல் மூடியிருக்கிறார். அந்தப் பளபளப்புக்கு இதுதான் விலை.

டெஸ்ஸாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1902-ல் பால் ருடால்ஃப் வகுத்த நான்கு கண்ணாடி அமைப்பு. "கேமராவின் கழுகுக்கண்" என்று விளம்பரம் செய்தார்கள். 2.8-ல் கழுகு கொஞ்சம் தூங்குகிறது, 8-ல் விழித்துக்கொள்கிறது. நடுவில் ஃபோகஸ் செய்தபோது மங்கிய மூலைகள், மூலையிலேயே ஃபோகஸ் செய்தபோது பெரிதும் தெளிந்தன. ஃபோகஸ் கூர்மையாக விழும் குவிதளம் வளைந்திருப்பதால் வருவது அது, பழுதில்லை. நான்கு மூலையும் சமம். எனக்கு அது போதும்.

டாக்குமாரின் வழக்கு நிறத்தில். ஏழு கண்ணாடி கொண்ட இந்த வகையின் பின்தொகுதியில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. ஒளியை அதிகம் வளைத்து, நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் என்பதற்காகச் சேர்த்தார்கள். நம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் அதே தனிமம்தான். தோரியம்-232-ன் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டு. அதன் கதிர்வீச்சு கண்ணாடியைப் பல ஆண்டுகளில் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. வெயிலில் வைத்தாலும் வெளுக்கும், ஆனால் நம் வெயிலில் உள்ளிருக்கும் கிரீஸ் இளகித் துவாரத் தகடுகளில் இறங்கும். குவிந்த ஒளியில் ஏதாவது தீப்பற்றியும் கொள்ளலாம். அதனால் புறஊதா எல்.இ.டி.யைப் பின்கண்ணாடிக்கு நேரே வைத்து, மறுபக்கம் அலுமினியத் தாளால் மூடிவிட்டேன். வெள்ளைத் தாளை ஒரே வெயிலில், ஒரே வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) அமைப்பில் அவ்வப்போது படமெடுத்து நீல நிறத்தின் அளவைக் குறித்துவருகிறேன். மெல்ல ஏறுகிறது. புள்ளிச் சோதனையில் டாக்குமார் முதல் மதிப்பெண்: 1.4-ல் மெல்லிய ஒளிவட்டம், 2.8-ல் நான்கு மூலையும் கூர்மை.

பளிச்சென்ற ஹீலியோஸின் பின்வளையத்தைத் தளர்த்தி, கண்ணாடியை ரப்பர் உறிஞ்சியால் தூக்கி மறுபடி உட்கார வைத்து மூடினேன். துவாரத்தை 4-க்குக் குறைத்தால் வால் இப்போது காணாமல் போகிறது; 2-ல் இன்னும் கொஞ்சம் மிச்சம். விற்கும் நாள் வந்தால் கண்ணாடியின் படத்தோடு மூலைப் புள்ளிகளின் படத்தையும் சேர்த்தே போடுவேன், விலை குறையட்டும். அடுத்தது ஜூபிட்டர்-37ஏ, 135/3.5. அதற்கு ஊசித்துளை 13 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், வீட்டு ஹால் போதாது. காற்றில்லாத ஓர் இரவில் மொட்டை மாடியில்தான் செய்ய வேண்டும்.