பேப்பர்மாட் தீமும் நாலு வரி சிஎஸ்எஸ்ஸும்

எழுதிய கோப்புகளை வலைத்தளமாக்கித் தரும் மென்பொருளான ஹியூகோவுக்குத் தீம் (தளத்தின் தோற்ற அமைப்பு) தேடினால் எல்லாமே தன்னை 'மினிமல்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. திறந்து பார்த்தால் அரைப் பக்கத்துக்குப் படம், நகரும் மெனு, கூடவே நாலைந்து ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. நான் பேப்பர்மாட் எடுத்தேன். கிட் சப்மாட்யூலாக, அதாவது தனியாக அப்டேட் செய்யக்கூடிய கோப்புறையாகச் சேர்த்து, தளத்தின் அமைப்புகள் இருக்கும் டாம்ல் கோப்பில் தீமின் பெயரை எழுதினால் வேலை முடிந்தது. தீமின் கோப்புறைக்குள் மட்டும் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் தகராறு வரும். நம் தளத்திலேயே அஸெட்ஸ், அதனுள் சிஎஸ்எஸ், அதனுள் எக்ஸ்டெண்டட் என்று கோப்புறை வைத்து நம் சிஎஸ்எஸ்ஸை, அதாவது பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் வரிகளைப் போட்டால் தீமே எடுத்துக்கொள்ளும்.

சரி, அதில் என்ன போடுவது? இந்த மாதிரி தீம்கள் எல்லாம் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து அளவெடுத்துத் தைத்தவை. தமிழில் மேலே புள்ளியும் கீழே சுழியும் வருவதால் வரிகள் முட்டிக்கொள்ளும், அதனால் வரி உயரத்தை 1.8 ஆக்கினேன். பதிவு எழுதப் பயன்படும் எளிய குறியீட்டு முறையான மார்க்டவுனில் சொல்லின் இரு பக்கமும் ஒற்றை நட்சத்திரக்குறி போட்டால் எழுத்து சாயும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது, பிரவுசர்தான் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, பார்க்கச் சகிக்காது. அதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தடிமன் கொடுத்துவிட்டேன்.

எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. விண்டோஸில் நிர்மலா யூஐ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று எல்லாரிடமும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. எளிமை எளிமை என்று பேசிவிட்டு, படிக்க வருகிறவரின் டேட்டாவில் எழுத்துரு இறக்குவது என்ன நியாயம்?

அப்புறம் பதிவின் தலைப்புக்குக் கீழே வரும் அந்த 'வாசிக்க 2 நிமிடம்' சமாச்சாரம். ஹியூகோ நிமிடத்துக்கு 213 சொல் என்று கணக்குப் போடுகிறது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பதும் அதற்கு ஒரே சொல்தான், 'நான்' என்பதும் ஒரே சொல்தான். அந்தக் கணக்கு நமக்கு எப்படிச் சரிவரும்? அணைத்துவிட்டேன்.

முகவரி இன்னொரு தலைவலி. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் முகவரியும் தமிழில் வரும், அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் பல நேரம் சதவீதக் குறிகளாக நாலு வரிக்கு நீள்கிறது. அதனால் ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் ஸ்லக் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு பெயர் கொடுக்கிறேன். பழைய பதிவுகளுக்கு ஏலியாஸ் (பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் வரி) எழுதும் வேலை பாக்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.