கம்பி மாற்றிய பிறகு

ஜனவரி 11

ஏழு வருடமாக என் பேஸ் கிட்டாரில், மேலே உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் கம்பிதான் வாசித்தேன், இன்றைக்குத்தான் ஃபிளாட்வவுண்ட் மாட்டினேன். மேலே சுற்றியிருப்பது தட்டையான நாடா என்பதால் விரல் வழுக்கிக்கொண்டு போகிறது, இடது கை நகரும்போது வரும் கீச்சொலி கிட்டத்தட்ட இல்லை. ஆனால் இந்தக் கம்பிகள் ரொம்ப விறைப்பு. டியூன் செய்து ஒரு மணி நேரத்தில் பேஸின் கழுத்து முன்பக்கம் வளைந்துவிட்டது. கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டைகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், முதலாவதிலும் கடைசியிலும் கம்பியை அழுத்திப் பிடித்து நடுவில் பார்த்தால், இரண்டு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழையும். கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்று இறுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். மரம் அடங்க ஒரு ராத்திரி ஆகும், அவசரப்படக் கூடாது.

ஜனவரி 12

கழுத்து சரியாகிவிட்டது.

ஜனவரி 15

நேற்று வாசித்ததைப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டேன். மனசு கஷ்டமாகிவிட்டது. பழைய கம்பியின் பளிச்சென்ற ஒலி போனதும் இத்தனை நாள் அதற்குப் பின்னால் மறைந்திருந்த குறை வெளியே வந்துவிட்டது. ஏ கம்பியில் சி வாசிக்கிறேன், அதே நேரம் தொடாத ஈ கம்பி அடியில் முனகிக்கொண்டே இருக்கிறது. சுரம் சரியான இடத்தில் ஆரம்பிக்கிறது, முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. வலது கைக் கட்டைவிரலை, கம்பிகளுக்கு அடியில் அதிர்வை வாங்கும் பிக்கப் மேலேயே ஊன்றி வைக்கும் பழக்கம்தான் காரணம். அதை விட்டு, மேல் கம்பிகளுக்குப் போகும்போது கட்டைவிரலும் கூடவே நகர்ந்து ஈ, ஏ இரண்டின் மேலும் சாய்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து இதை மட்டும் செய்தேன், மணிக்கட்டு வலிக்கிறது.

ஜனவரி 19

அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்த பழைய பதிவுகளைத்தான் இன்று முழுக்கக் கேட்டேன். அவருடையது 1962 மாடல் பிரிசிஷன் பேஸ் கிட்டார், தடிமனான ஃபிளாட்வவுண்ட், கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜின் மூடிக்குள் ஸ்பாஞ்ச், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை விரலில் அத்தனை ஓட்டமும் எப்படி வந்தது என்று எத்தனை முறை கேட்டாலும் பிரமிப்பு தீரவில்லை. நானும் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி பிரிட்ஜ் பக்கம் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். முதலில் ரொம்ப அழுத்தமாகிவிட்டது, சுரமே கேட்கவில்லை, பொத் என்று மட்டும் விழுந்தது. பாதி உயரத்துக்கு அரிந்த பிறகுதான் சுரம் தெளிவாக எழுந்து தானாக அடங்கியது.

ஜனவரி 23

இன்று வாசிக்கவில்லை, ஆனால் ஒரு பழைய கச்சேரி நாள் முழுக்க நினைவில் ஓடியது. பேஸ் வாங்குவதற்கு முன்னால், மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் அருகே நின்றுகொண்டிருந்தேன். ஈ கம்பியின் அதிர்வு நொடிக்கு 41 முறைதான், காற்றில் அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல் என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் சட்டைக்குள் நெஞ்செலும்பு அதிர்ந்தது மட்டும்தான். பல்லவிக்கு முன்னால் டிரம்ஸும் பேஸும் ஒரே சமயத்தில் சட்டென்று நின்றன, ஒரு தாளம் முழுக்க மௌனம். அந்த பேஸ் வாசிப்பவர் இடது உள்ளங்கையைக் கம்பிகள் மேல் பட்டும் படாமலும் விரித்து வைத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாட்டு என்ன என்பதுகூட மறந்துவிட்டது.

ஜனவரி 26

ரிகர்சல். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டேன், கையாலேயே அடக்கிப் பார்க்கலாம் என்று. முதல் இரண்டு பாட்டிலும் ஈ கம்பி பழையபடி முனகியது. மூன்றாவதில் கட்டைவிரல் தானாக நகர ஆரம்பித்தது, அப்புறம் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இடைவேளையில் டிரம்மர், "டேய், இன்னைக்கு என் கிக் டிரம் தனியா கேக்குதுடா, ஆம்ப்ல என்ன மாத்தினே?" என்றான். ஆம்பில் ஒரு குமிழைக்கூட நான் தொடவில்லை. கம்பி மாற்றியதைச் சொன்னேன், கட்டைவிரலையும் காட்டினேன், அவன் அதே பாட்டை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னான்.