கணப்படுப்பின் மேல் எதை வைப்பது?

லண்டன் தமிழர்களில் கணிசமானோர் குடியிருப்பது விக்டோரியா அரசியின் காலத்திலும் அதையடுத்த எட்வர்டு மன்னரின் காலத்திலும் கட்டப்பட்ட வரிசை வீடுகளில்தான். ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ வால்தம்ஸ்டோவிலோ அப்படிப்பட்ட ஒரு வீட்டின் முன்னறைக்குள் நுழைந்தால், பக்கச் சுவரில் புடைத்து நிற்கும் புகைபோக்கியும், அதன் அடியில் வார்ப்பிரும்பாலான கணப்படுப்பும், அடுப்பைச் சுற்றிய சட்டத்தின் உச்சியில் மேண்டல் என்கிற ஒடுங்கிய தட்டும் இருக்கும். அல்லது அவை இருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தடமாவது இருக்கும். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தபின், 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நகரங்களில் நிலக்கரி எரிப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதன்பின் எரிவாயுக் கணப்பும் மைய வெப்பமூட்டலும் பரவ, அடுப்பு வாய்களைப் பலகை வைத்து அடைத்தவர்கள் பலர். மொத்தமாக உடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டவர்களும் பலர். தப்பிப் பிழைத்த மேண்டல்களின் மேல் இன்று பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டி தொங்குகிறது. கழுத்தை அண்ணாந்து படம் பார்க்கும் இந்த ஏற்பாட்டை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேண்டலைப் பழம்பொருள்களால் அலங்கரிக்க விரும்புகிறவர்கள் வழக்கமாக நிறத்திலிருந்தும் அழகிலிருந்தும் தொடங்குகிறார்கள். அந்தத் தட்டு எதற்குப் பயன்பட்டது என்பதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. மின்விளக்கு இல்லாத காலத்தில் அந்த அறையில் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் எல்லோரும் நாடிய இடம் அதுதான். ஆகவே நேரம் காட்டுவதும், நெருப்பை எடுத்துச் செல்ல உதவுவதும், வெளிச்சத்தைப் பெருக்குவதும், குடும்பத்தார் மறக்க விரும்பாததும் அங்கே வந்து சேர்ந்தன. அந்தத் தட்டுக்கென்றே செய்யப்பட்ட பொருள்களுக்கு அதற்கேற்ற உடலமைப்பும் உண்டு: முதுகு தட்டையாக இருக்கும், அடி ஒடுங்கியிருக்கும், ஜோடியாக வரும். நம் ஊர்க் கூடத்தின் கண்ணாடி ஷோகேஸ் கிடைத்ததையெல்லாம் வாங்கி உள்ளே அடக்கிக்கொள்ளும். திறந்தும் குறுகியும் இருக்கும் மேண்டலோ, எதை விடுவது என்று நம்மை முடிவெடுக்க வைக்கும்.

பொருள் வாங்குமுன் தட்டையே ஒருமுறை சோதித்துவிட வேண்டும். பளிங்கு என்று வீட்டு முகவர் சொல்வது பல வீடுகளில் பளிங்காக இராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலேட்டுக் கல்லின் மேல் பளிங்கின் நரம்போட்டத்தை வண்ணத்தால் தீட்டிச் சூளையில் சுட்டு, குறைந்த விலைக்கு விற்றார்கள். தட்டின் அடிப்புறத்தைக் கைவிளக்கு வைத்துப் பார்த்தால் வெறும் சாம்பல் நிறக் கல் தெரியும். இதில் ஏமாந்தோம் என்று வருந்த ஒன்றுமில்லை. தேர்ந்த கையால் தீட்டப்பட்ட சிலேட்டு தன்னளவிலேயே ஒரு பழம்பொருள்தான். ஆனால் அதைச் சுரண்டினாலோ வண்ணநீக்கி பூசினாலோ ஓவியம் போய்விடும். உண்மையான பளிங்காக இருந்தால் எலுமிச்சையும் வினிகரும் அதன் பக்கமே போகக் கூடாது, அமிலம் பட்ட இடம் மெருகிழந்து வெளுத்துப்போகும்.

தட்டின் நடுவில் கடிகாரம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தைகளில் மேண்டல் கடிகாரங்கள் இரண்டு வகையாகத் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒன்று, கறுப்புச் சலவைக்கல்லிலும் சிலேட்டிலும் சிறு கோயில் முகப்பைப் போலச் செய்யப்பட்டு, பெரும்பாலும் பிரெஞ்சு இயந்திரம் பொருத்தப்பட்டது. 1861இல் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் இறந்து, அரசி வாழ்நாள் முழுதும் கறுப்புடுத்திய பிறகு, இந்த நிறத்துக்கு இங்கிலாந்தில் மவுசு கூடியது. மற்றது, நெப்போலியன் தொப்பி என்று அழைக்கப்படும் மரப்பெட்டிக் கடிகாரம். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்த தோள்களுடன், 1920களிலிருந்து முப்பது நாற்பது ஆண்டுகள் இந்நாட்டு நடுத்தர வீடுகளின் அடையாளமாகவே இருந்தது. ஸ்மித்ஸ், என்ஃபீல்டு போன்ற தயாரிப்பாளர்களின் பெயர்கள் அதன் முகப்பில் தென்படும். திருமணத்துக்கும் பணி ஓய்வுக்கும் இதைப் பரிசளிப்பது வழக்கம் என்பதால், பெயரும் தேதியும் பொறித்த சிறு உலோகத் தகடு முன்புறம் பதித்திருப்பதுண்டு. பல வியாபாரிகள் அந்தத் தகட்டைக் குறையாகக் கருதி விலையைக் குறைப்பார்கள். எனக்கு அது கூடுதல் மதிப்பு. யாரோ ஒருவர் ஒரு ரயில் நிலையத்திலோ ஆலையிலோ பல்லாண்டு உழைத்து வாங்கிய பொழுது அதில் இருக்கிறது.

ஊசல் உள்ள கடிகாரத்தை வாங்கினால், கொண்டுவரும்போது ஊசலைக் கழற்றித் தனியே சுற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் வைத்தபின் அதன் ஒலியைக் கவனியுங்கள். ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் இடையே உள்ள இடைவெளி சமமாக இல்லையென்றால் கடிகாரம் சற்று நேரத்தில் நின்றுவிடும். நூற்றாண்டு கடந்த வீட்டில் தட்டு மட்டமாக இருப்பது அபூர்வம் என்பதால், பழுது பார்ப்பவரிடம் ஓடுமுன் ஒரு பக்கத்தில் மெல்லிய அட்டைத் துண்டைச் செருகிப் பார்ப்பது நல்லது. பல ‘ஓடாத’ கடிகாரங்கள் அதிலேயே ஓடத் தொடங்கும்.

கடிகாரத்தின் இருபுறமும் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள் ஒரு ஜோடி நின்றால் போதும். அவற்றை விட எனக்குப் பிடித்தது ஸ்பில் குவளை. ஸ்பில் என்கிற மெல்லிய மரச்சீவலையோ முறுக்கிய காகிதத்தையோ அதில் நிறுத்தி வைத்திருப்பார்கள். எரிகிற கணப்பில் அதன் நுனியைக் காட்டி, அந்தச் சுடரால் மெழுகுவர்த்தியையும் சுங்கானையும் பற்றவைப்பார்கள். ஸ்டாக்டன் ஊரைச் சேர்ந்த ஜான் வாக்கர் 1827இல் உரசினால் எரியும் தீக்குச்சிகளை விற்கத் தொடங்கிய பின்னும், அறையில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போது தீக்குச்சியை எதற்கு வீணாக்குவது என்று இந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. இன்று அதைப் பூக்குவளை என்று தவறாக விலைச்சீட்டு ஒட்டி, சாரிட்டி கடைகளில் சில பவுண்டுகளுக்குத் தந்துவிடுகிறார்கள்.

மேண்டலுக்கு மேலே மாட்டும் பெரிய கண்ணாடி மெழுகுவர்த்தி வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவதற்காக வந்தது. ரசம் போன கண்ணாடி வீட்டுக்கு ஆகாது என்று அம்மாவோ மாமியாரோ சொல்லக்கூடும். ஆயினும் பழைய கண்ணாடியைப் புதிதாக ரசம் பூசக் கொடுத்துவிடாதீர்கள். 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் கண்ணாடியின் மேல் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டறிவதற்கு முன்னர், வெள்ளீயத் தகட்டையும் பாதரசத்தையும் கலந்துதான் கண்ணாடி செய்தார்கள். அந்தப் பழைய ரசத்துக்கே உரிய சாம்பல் பூத்த ஒளி, மாற்றிப் பூசினால் மீண்டும் வராது. பின்புறத்தைச் சுரண்டுவது உடலுக்கும் கேடு.

இனி நாய்கள். ஆங்கிலேய மேண்டல் என்றால் நினைவுக்கு வருவது ஸ்டாஃபர்ட்ஷயர் பீங்கான் நாய் ஜோடிதான்: வெள்ளை உடல், செம்பழுப்புத் திட்டுகள், கழுத்தில் பொன்வண்ணச் சங்கிலியும் பூட்டும், மனிதரைப் போன்ற சற்றே திகைத்த முகம். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டைச் சுற்றிய மட்பாண்ட ஊர்களில் 1840களிலிருந்து இவை ஏராளமாக உருவாயின. விக்டோரியா இளம்பெண்ணாக இருந்தபோது வளர்த்த டாஷ் என்ற ஸ்பேனியல் நாய் அந்த இனத்துக்குத் தேடித்தந்த புகழும் அதற்கொரு காரணம். மண் எடுத்து அச்சில் அழுத்திச் செய்ததால் விலை மலிவு. வண்ணம் தீட்டியவர்களில் சிறுவர் சிறுமியரும் இருந்தார்கள். சுவரோடு ஒட்டி நிற்பதால் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்று, இதே பட்டறைகள் செய்த மனித உருவங்களின் பின்புறத்தைத் தட்டையாகவும் வண்ணமின்றியும் விட்டார்கள். தட்டை முதுகுப் பொம்மைகள் என்றே அவற்றுக்குப் பெயர்.

போலிகள் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் வந்தபடி இருந்தன. ஆகவே கவனம் வேண்டும். பழைய நாயின் அடியில் உள்ள காற்றுத் துளை சிறியதாக இருக்கும். நீர்த்த களிமண்ணை அச்சில் ஊற்றிச் செய்த பிற்காலத்து நாய்க்கு அடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை இருப்பது வழக்கம். மெருகில் ஓடும் மயிர்க்கோடுகள் உடல் முழுவதும் ஒரே அளவில், அழுக்கு ஏற்றியது போல் எடுப்பாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பொன்பூச்சைப் பாருங்கள்: 1880 வாக்கில் புழக்கத்துக்கு வந்த மலிவான பளபளப்புப் பொன் கண்ணைப் பறிக்கும், அதற்கு முந்தையதோ மங்கலாக, கை பட்ட இடங்களில் தேய்ந்திருக்கும். ஜோடி பிரிந்த ஒற்றை நாய்க்கு ஜோடி விலையில் பாதிகூட இராது. கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் ஒற்றையை வாங்கி, தட்டின் ஒரு கோடியில் நடுவைப் பார்க்கும்படி நிறுத்தி, மறுகோடியில் வேறொரு உயரமான பொருளை வைத்து எடையைச் சமன் செய்யலாம். எனக்கு இந்தச் சமச்சீரின்மைதான் கூடுதலாகப் பிடிக்கிறது.

இந்தப் பொம்மைகளில் இந்தியா வந்து நிற்பதைப் பார்க்கும்போது நமக்கு ஏற்படும் உணர்ச்சி வேறு. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஹாவ்லாக், காலின் கேம்ப்பெல் ஆகியோரின் உருவங்கள், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கு அருகே எத்தனையோ தொழிலாளர் வீடுகளின் மேண்டலில் நின்றன. அதற்கும் முந்தையது ‘மன்ரோவின் மரணம்’ என்ற பொம்மை. 1792இல் வங்கத்தின் சாகர் தீவில் ஒரு புலி, இளைஞன் ஒருவனைக் கவ்விச் சென்றது. அவன், 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொல்லிலூரில் ஹைதர் அலியின் படைகளால் ஆங்கிலேயர் முறியடிக்கப்பட்டபோது உதவிக்குப் போகாமல் சென்னைக்குப் பின்வாங்கிய தளபதி ஹெக்டர் மன்ரோவின் மகன். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, ஐரோப்பியன் ஒருவனைப் புலி கடிப்பதாக வடித்த திப்புவின் புலிப் பொம்மையோடு சேர்த்துப் பேசப்படும் அதே நிகழ்ச்சியைத்தான் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்களும் வடித்தார்கள். தோற்றவனின் வீட்டிலும் வென்றவனின் அரண்மனையிலும் ஒரே புலி! அசலின் விலை என்னைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஹாவ்லாக் எட்டும் விலைக்கு வந்தாலும் நான் வாங்குவதாக இல்லை.

இந்தியத் தொடர்புள்ள பொருள்தான் வேண்டுமென்றால் வேறு வழிகள் உண்டு. 1875இல் ரீஜன்ட் தெருவில் திறந்த லிபர்டி கடை கீழைநாட்டுப் பொருள்களை இங்கே நாகரிகமாக்கிய காலத்தில், வேலைப்பாடுள்ள இந்தியப் பித்தளைக் குவளைகள் ஆங்கிலேய மேண்டல்களில் ஏறின; இன்றும் அவை மலிவாகக் கிடைக்கின்றன. இன்னும் அரியது, தெய்வ உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கிய சென்னையின் ‘சுவாமி’ வெள்ளி வேலை. மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அதில் பெயர் பெற்றது. 1875-76இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்கு அந்த வேலைப்பாடுள்ள தேநீர்ச் சாமான்கள் வழங்கப்பட்டன. இத்தகைய கிண்ணம் ஒன்று, கெம்ப்டன் குதிரைப் பந்தயத் திடலில் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கூடும் சந்தையில் கண்ணில் பட்டால் தயங்க வேண்டாம்.

வயதை அறிய வியாபாரியின் வாயை நம்புவதை விடப் பொருளின் அடியைப் புரட்டுவது மேல். வைரவடிவப் பதிவுக்குறி இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதியப்பட்டது. பதிவெண் மட்டும் இருந்தால் 1884இலோ அதற்குப் பின்னரோ பதியப்பட்டது. அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் காரணமாக 1891 முதல் ஏற்றுமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டியிருந்ததால், ‘இங்கிலாந்து’ என்ற முத்திரை உள்ள பாண்டம் பொதுவாக அதற்குப் பிந்தையது. முத்திரையே இல்லாதது பழையது என்று இதைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது.

ஒரு பொருளைப் பற்றி மட்டும் தயக்கத்துடன் எழுதுகிறேன். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் உறவினருக்குப் பிரிட்டிஷ் அரசு 12 சென்டிமீட்டர் அகல வெண்கலத் தகடு ஒன்றை அனுப்பியது. பேரரசு முழுவதற்குமாக 13 லட்சத்துக்கும் மேல் வார்க்கப்பட்ட அந்தத் தகடுகளில், சிப்பாய் அதிகாரி என்ற வேறுபாடு தெரியக்கூடாது என்பதற்காகப் பதவி இன்றிப் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டது. பல வீடுகளில் அது மேண்டலில்தான் நின்றது. தாய்மார் துடைத்துத் துடைத்து எழுத்துகள் மழுங்கிய தகடுகளைச் சந்தையில் காணலாம். அழகான பொருள்தான். ஆயினும் ஓர் இறந்தவரின் பெயரை நிறப்பொருத்தத்துக்காக வாங்கி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. வாங்குகிறவர்கள், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடி, அவர் யார், எங்கே புதைக்கப்பட்டார் என்பதையாவது தெரிந்துகொள்ளட்டும். அதற்குப் பதிலாக, பெயரில்லாத பீரங்கிக் குண்டு உறைகளில் போர்முனையில் செதுக்கிய பித்தளைக் குவளைகள் உண்டு. அவை ஜோடியாகவும் வரும்.

அடுக்கும் முறைக்குப் பெரிய இலக்கணம் தேவையில்லை. உயரமானது நடுவிலோ ஒரு கோடியிலோ நிற்கட்டும், உயரங்கள் படிப்படியாக மாறட்டும், தட்டில் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். விக்டோரியா காலத்தவர் குஞ்சம் தொங்கும் துணியைத் தட்டில் விரித்து அதன் மேல் இண்டு இடுக்கின்றி அடைத்தார்கள் என்பதற்காக நாமும் அதைச் செய்ய வேண்டியதில்லை; அடுப்பு எரிகிற வீட்டில் அந்தத் துணி ஆபத்தும்கூட. எரிகிற அடுப்புக்கு மேல் எண்ணெய் வண்ண ஓவியத்தையும் மாட்டாதீர்கள்.

பராமரிப்பில் நம் கை தானாகப் புளிக்குப் போகும். பூச்சற்ற பித்தளைத் தாங்கிக்குப் புளி சரியானதே. தட்டில் வைத்துத் தேய்க்காமல் சமையலறைக்கு எடுத்துச் சென்று தேய்த்து, உப்பும் புளியும் தங்காமல் நன்றாக அலசித் துடைத்துவிட வேண்டும். பொன் முலாம் பூசிய பிரெஞ்சு வேலைக்கும், அரக்குப் பூச்சுள்ள பித்தளைக்கும் புளி கூடாது, மென்மையான தூரிகை போதும். பீங்கான் நாய்களைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது, அடித்துளை வழியே உள்ளே போன நீர் எளிதில் வெளியேறாது. குழந்தைகள் உள்ள வீட்டிலும், ரயில் பாதையை ஒட்டிய அதிரும் வீட்டிலும், அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் ஒட்டுமெழுகைக் கடலையளவு உருட்டி ஒவ்வொரு பீங்கான் பொருளின் அடியிலும் வைத்து அழுத்திவிடுங்கள். எடுக்க வேண்டியபோது மெல்லத் திருகினால் கையோடு வந்துவிடும்.