மரையை எண்ணிவிட்டு விலை பேசுங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து திசையன்விளை வரை எந்த ஊரில் பழைய சைக்கிள் விலைக்கு வந்தாலும் முதலில் கேட்பது "என்ன பேரு?" என்றுதான். ராலேயா, ஹம்பரா, ஹெர்குலிஸா, பி.எஸ்.ஏ.வா? பேரைச் சொன்னதும் விலை ஏறும், இல்லையென்றால் இறங்கும். ஆனால் அந்த வண்டி மறுபடியும் ரோட்டில் ஓடுமா என்பது ஃபிரேமின் முன்னே பேர் பொறித்த தலைத்தகட்டில் எழுதியிருக்காது. இரண்டு பெடல் கையும் சேரும் அச்சு ஓடுகிற பி.பி. (பாட்டம் பிராக்கெட்) குழாய்க்குள் இருக்கும் மரையில்தான் எழுதியிருக்கிறது.

அந்த மரை இரண்டு வகை. இங்கிலீஷ் சைக்கிள்களில் பொதுவாக பி.பி. மரை அங்குலத்துக்கு 24. ராலே மட்டும் தன் ஆலை வழக்கமாக 26 வைத்திருந்தது. இரண்டுக்கும் குழாயின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றேதான், 1⅜ அங்குலம். அதனால்தான் ஏமாந்து போகிறோம். 24 மரைக் கப்பை (குண்டுகள் ஓடும் கிண்ணம்) 26 மரைக் குழாயில் வைத்தால் முதல் ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். "துரு பிடிச்சிருக்கு, அழுத்தித் திருப்பு" என்று நீளமான ஸ்பேனரைப் போட்டால் குழாயின் உள்மரை சீவிக்கொண்டு வந்துவிடும். கப் போனால் வேறு கப் வாங்கலாம். குழாயின் மரை போனால் ஃபிரேமே போன மாதிரி. குழாயின் அகலமும் வேறு: 24 மரைக்கு வழக்கமாக 68 மி.மீ., ராலேவின் 26 மரைக்கு 71 அல்லது 76 மி.மீ. அகலம் மாறினால் அச்சின் நீளமும் மாறும். 68-க்கான அச்சை 76-ல் போட்டால் இரண்டு பக்கமும் குண்டு உட்காரும் இடம் கப்புக்கு நேராக வராது.

பேரை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஹம்பர் சைக்கிள் 1932-லும் ரட்ஜ் 1943-லும் ராலேவின் கைக்குப் போயின. அதனால் அதற்குப் பிறகு வந்த இவற்றில் 26 மரையை எதிர்பார்க்கலாம். ஹெர்குலிசும் பிலிப்சும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துப் பெயர்கள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1951-ல் ஹெர்குலிஸ் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வழியில்தான். இந்திய ராலே அசன்சோலில் சென்-ராலே ஆலையில் உருவானது. 1960-ல் இங்கிலாந்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டன. அதற்குப் பிறகு அங்கே பேர் ஒன்று, பாகம் ஒன்று என்று கலந்தே வந்தது. போதாததற்கு நம் ஊரில் அறுபது வருஷமாக ஃபோர்க்கை மாற்றி, அச்சை மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஆகவே ஊகத்தை ஊகமாக வைத்துக்கொண்டு, கையால் அளந்து பாருங்கள்.

மரை அளக்கும் கேஜ் இல்லாவிட்டாலும் கவலையில்லை. பிரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) ஏறுகிற ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) மரை 24தான். பழைய ஹப் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய கப்பின் மரையை அதன் மரைமேல் பல்லோடு பல்லாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முழு அகலத்துக்கும் பொருந்தி உட்கார்ந்தால் 24. ஒரு ஓரம் உட்கார்ந்து மறு ஓரம் ஏறி நின்று, நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது 24 இல்லை. 26-ஐ உறுதி செய்ய ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பின் அச்சு உதவும், அதன் மரை 26. புது மில்லிமீட்டர் அச்சை வைத்துப் பார்க்காதீர்கள். அதன் மரை 1 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு 25.4. கண்ணை நன்றாக ஏமாற்றிவிடும். ஃபோர்க் தண்டின் மரைக்கும் இதே சோதனைதான். 1 அங்குலத் தண்டு ராலேவில் 26 மரை, மற்றவற்றில் 24. கடையில் கேட்கும்போதும் "அண்ணாச்சி, ராலே கப் இருக்கா?" என்று கேட்காமல் "26 மரைக் கப் இருக்கா?" என்று கேளுங்கள். பழைய டப்பாவைக் கொட்டித் தேடும்போது அவருக்கும் என்ன தேடுகிறோம் என்று தெரியும்.

26 மரைக் கப் கிடைப்பது கஷ்டம் என்பதால் பழையதைக் காப்பாற்றுவதே நல்லது. கப்பைவிட அச்சுதான் முதலில் தேயும். வலது கப் இடக்கை மரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் அழுத்தி ஸ்பேனர் பிடிக்கும் இடத்தை மழுக்கிவிட்ட ஃபிரேம்கள் நிறைய. குழிவிழாத வலது கப்பைக் கழற்றவே வேண்டாம். உள்ளேயே மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள். பக்கத்துக்கு 11 குண்டு, ¼ அங்குலம், கூடு இல்லாமல் உதிரியாகப் போடுங்கள். கூட்டில் குண்டு குறைவு, பாரமெல்லாம் அந்தச் சிலதின்மேல் விழும். கிரீஸ் தாராளமாகத் தடவினால் குண்டுகள் கப்பிலேயே ஒட்டி நிற்கும். இடது கப்பை ஆட்டம் போகும் வரை இறுக்கி, அச்சை விரலால் சுற்றிப் பார்த்து, பிறகு அதை வெளியே பூட்டும் வளையத்தை இறுக்குங்கள். வளையம் இறுகும்போது கப்பும் கொஞ்சம் கூடவே சுற்றும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மண்ணில் ஓடும் வண்டிக்கு வருஷம் ஒரு ஓவராயில் போதாது. காற்றுக்காலம் முடிந்ததும் ஒன்று, மழை முடிந்ததும் ஒன்று.

அடுத்தது காட்டர் பின், அதாவது கிராங்கை (பெடல் கை) அச்சோடு பூட்டும் ஆப்பு. எந்தப் பாகத்தையும்விட இதை அடித்துக் கெடுத்தவர்கள்தான் அதிகம். கழற்றும்போது நட்டை முழுவதும் எடுக்காமல், பின்னின் நுனிக்குச் சமமாக வரும் வரை மட்டும் திருப்புங்கள். அப்போது அடி நட்டில் விழும், மரை மழுங்காது. கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுக்கும் கப்புக்கும் போய்க் குழிவிழும். கனமான சுத்தியலால் ஒரே அடி. சின்னச் சுத்தியலால் இருபது தட்டுத் தட்டினால் பின்னின் நுனி பூப்போல விரிந்து துளைக்குள் சிக்கிக்கொள்ளும். பெரிய பெஞ்ச் வைஸ் இருந்தால் அதில் வைத்து அழுத்தி எடுப்பது இன்னும் நல்லது.

புதுப் பின்னை அப்படியே போட முடியாது. வழக்கமான அளவு 9.5 மி.மீ. என்றாலும் 9 மி.மீ. பின்னும் இருக்கிறது, துளையை அளந்து வாங்குங்கள். சாய்வு முகத்தை அரத்தால் சீவி இரண்டு பின்னும் ஒரே ஆழத்துக்கு இறங்கும்படி செய்யவேண்டும். ஒன்று அதிகம் இறங்கினால் இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது. இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைய வேண்டும். அடித்து இறக்கிவிட்டு நட்டை இறுக்குங்கள். பின்னை நட்டால் இழுத்து இறக்கப் பார்த்தால் மரைதான் போகும். 20 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு அடி, மறுபடி ஒரு இறுக்கு. பெடல் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு 'டக்' கேட்டால் அன்றைக்கே இறங்கிப் பாருங்கள். தளர்ந்த பின்னோடு ஓட்டினால் கிராங்கின் துளை முட்டை வடிவமாகிவிடும். அதற்குப் பிறகு எந்தப் பின்னும் நிற்காது.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் அங்குல எண்ணை மட்டும் நம்பவேண்டாம். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. புதுச் சைக்கிள்களின் 700 சி டயரையும் சிலர் 28 என்பார்கள், அது 622. ஏறாது. 26-லும் அப்படித்தான்: 26 × 1⅜ என்பது 590, 26 × 1½ என்பது 584, பின்னம் இல்லாமல் புள்ளி வைத்து எழுதிய 26 × 1.75 என்பது 559. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சக்கரத்தின் கம்பியும் (ஸ்போக்) எண்ணிப் பாருங்கள். பழைய வழக்கம் முன்னே 32, பின்னே 40. ஹப்பையும் ரிம்மையும் தனித்தனியாகப் பண்டமாற்றுச் செய்யும்போது துளையை எண்ணாமல் வாங்கிவிட்டு, 36 துளை ஹப்பும் 40 துளை ரிம்மும் கையில் வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

கம்பி பிரேக் (வயர் இல்லாமல் இரும்புக் கம்பியால் இழுக்கும் பழைய பிரேக்) வண்டியில் கோட்டம் எடுப்பது தனி வேலை. சாதாரண பிரேக் ரிம்மின் பக்கத்தைப் பிடிக்கும், அதனால் இடவலக் கோட்டம் போனால் போதும். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை, அச்சிலிருந்து வெளியே நோக்கி அழுத்துகிறது. அங்கே மேல்கீழ்க் கோட்டம்தான் எதிரி. சக்கரம் பார்வைக்கு நேராக ஓடும், பிரேக் பிடித்தால் மட்டும் சுற்றுக்கு ஒருமுறை உலுக்கும். முதலில் மேல்கீழ்க் கோட்டத்தை எடுத்துவிட்டு, பிறகு பக்கக் கோட்டத்துக்கு வாருங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் சுமார் 3 மி.மீ. இடைவெளி போதும்.

பின் பிரேக்கில் இன்னொரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. செயின் தளர்ந்தது என்று பின் சக்கரத்தை அரை அங்குலம் பின்னால் இழுத்தால் ரிம்மும் கூடவே பின்னால் போகிறது, கட்டையைத் தாங்கும் பிரேக் லாடம் ஃபிரேமோடு அங்கேயே நிற்கிறது. கட்டையின் இடைவெளி மாறிவிடும். சிலவற்றில் உரசும், சிலவற்றில் பிடிக்கவே பிடிக்காது. செயினைத் தொட்டால் பின் பிரேக்கையும் சரிசெய்தே ஆகவேண்டும். குற்றாலச் சாரலில் நனைந்த குரோமிய ரிம்மில் எந்தக் கட்டையும் உடனே பிடிக்காது. இறக்கத்துக்கு முன்னாலேயே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டு போவதே வழி.

பல் கணக்கு நம் நிலத்துக்குத் தக்கபடி இருக்கட்டும். 48 பல் செயின்வீல், 18 பல் பிரீவீல் என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு 28 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 5.96 மீட்டர் ஓடும். பாளையங்கோட்டைத் தெருவுக்குச் சரி. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் முகத்தில் அடிக்கும்போது இது முழங்காலைத் தின்றுவிடும். பிரீவீலை மட்டும் 20 பல்லாக்கினால் 5.36 மீட்டர், 44-க்கு 20 போட்டால் 4.9. செலவு குறைந்த மாற்றம் பிரீவீல்தான், செயின்வீலின் பழைய வேலைப்பாடும் அப்படியே இருக்கும். ராலேவின் நாரை, ரட்ஜின் கை போன்ற வெட்டு வேலையுள்ள செயின்வீலைக் கழற்றி விற்றுவிட்டு அந்த இடத்தில் வெறும் தகட்டைப் போடுவது எங்களுக்கு மனசு வராத காரியம்.

ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப் கிடைத்தால் அதிர்ஷ்டம். கூட்டின்மேல் வருஷமும் மாதமும் குத்தியிருக்கும்: 56-ம் 7-ம் இருந்தால் 1956 ஜூலை. அது சக்கரத்தின் வயசு, ஃபிரேமின் வயசு அல்ல. உள்ளே கிரீஸ் வேண்டாம், மெல்லிய எஞ்சின் ஆயில் மட்டும். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் நாள்பட இறுகிப் பிசினாகி, உள்ளே இருக்கும் சின்ன நாக்குகள் எழாமல் ஒட்டிக்கொள்ளும். கியர் நடுவில் இருக்கும்போது, வலது நட்டின் சன்னல் வழியாகப் பார்த்தால் கியர் வயரோடு சேரும் குட்டிச் சங்கிலித் தண்டின் தோள் அச்சின் நுனிக்குச் சமமாக இருக்கவேண்டும். அது தப்பினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெடல் சும்மா சுற்றும். நின்று மிதிப்பவர் விழுவது அங்கேதான்.

வாங்கப் போகும்போது ஒரு நூல்கண்டு, ஒரு காந்தம், ஒரு டார்ச் போதும். நூலைப் பின் சக்கரக் காதில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறு காதுக்குக் கொண்டுவாருங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் 2 மி.மீ.க்குள் ஒத்திருக்கவேண்டும். தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, கீழ்க்குழாயின் அடியில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் வண்டி முன்னால் மோதியிருக்கிறது. காந்தம் ஒட்டாத விளக்கும் மணியும் பெரும்பாலும் பித்தளை, அவற்றை விடாதீர்கள். ஃபிரேமில் காந்தம் ஒட்டாத இடத்தில் மக்கு (பள்ளம் அடைக்கும் பசை) பூசியிருக்கிறார்கள். டார்ச்சை சீட் குழாய்க்குள் அடித்துப் பாருங்கள். உவரி, இடிந்தகரை என்று கடலோரத்தில் நின்ற வண்டி வெளியே பளபளத்தாலும் பி.பி. குழாய்க்குள் செதில் செதிலாகத் துரு கிடக்கும்.

பெயின்டைப் பற்றி எங்கள் கருத்து கண்டிப்பானது: பழைய கறுப்பும் பொன்கோடும் பாதியாவது மிஞ்சியிருந்தால் தொடாதீர்கள். பவுடர் கோட்டிங், குழாய்களை இணைக்கும் லக்கின் கூர்மையான ஓரங்களை மூடி, மரைக்குள்ளும் புகுந்துவிடும். குரோமியத் துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். மணிக்குப் புளி போடலாம். தலைத்தகட்டுக்குப் புளி வேண்டாம், தேய்க்கும்போது பள்ளத்தில் இருக்கும் வண்ணம் போய்விடும்.

பண்டமாற்றாக ஒரு பாகத்தைக் கொடுக்க விளம்பரம் எழுதும்போது "ஒரிஜினல் ராலே பி.பி. செட், நல்ல நிலை" என்று மட்டும் எழுதினால் வாங்குபவர் பத்துக் கேள்வி கேட்டே தீரவேண்டும். இப்படி எழுதுங்கள்: "வலது, இடது கப், 26 மரை, ஸ்டர்மி-ஆர்ச்சர் அச்சின் மரையோடு வைத்துச் சோதித்தது. 76 மி.மீ. குழாயிலிருந்து எடுத்தது. அச்சின் இடப்பக்கம் குண்டு ஓடும் பாதையில் ஊசிமுனை அளவு இரண்டு குழி, வலப்பக்கம் சுத்தம். வளையத்தில் ஒரு காடி மழுங்கல். காட்டர் பின் 9.5 மி.மீ. பதிலுக்கு 28 × 1½, 40 துளை வெஸ்ட்வுட் ரிம் (கம்பி பிரேக் ரிம்) ஒன்று வேண்டும், மேல்கீழ்க் கோட்டம் எடுக்கக்கூடிய நிலையில்." பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த ஒரு படம். குழியை மறைக்காமல் அதன் கிட்டத்தில் எடுத்த இன்னொரு படம்.